பட்டம் பிடித்த கை

தக்கேஷி கிட்டானோவின் 'ஹனா-பி' படத்தைப் பார்த்து முடிக்க எனக்குப் பதின்மூன்று வருடங்கள் பிடித்தன. அது ஒன்றும் நீளமான படமல்ல. 103 நிமிடங்கள்தான். 2006 ஆம் ஆண்டு, கொழும்பில் வேலை பார்த்த நண்பரொருவர் பெருநாளைக்கு ஊர் வந்தபோது ஒரு டீ.வீ.டீ. தட்டைக் கையில் தந்து, "நல்ல மென்மையான படம் சேர், நீங்க கட்டாயம் பாக்கணும்" என்றார். அன்றிரவே போட்டேன். படம் பாதிகூட ஆகியிருக்காது. மதுக்கடையொன்றில் தன்பாட்டில் உட்கார்ந்திருக்கும் கதாநாயகன், கடனைக் கேட்டு வந்த சண்டியன் ஒருவனின் கண்ணில் மேசையிலிருந்த சாப்பாட்டுக் குச்சியால் குத்துகிறான். குத்துவதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை இல்லை, குத்திய பின்னர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் எழுந்துபோய் நிறுத்திவிட்டேன். நாட்டில் யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம். செய்தியைத் திறந்தால் இரத்தம். படத்திலும் அதைத்தான் பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. மென்மையான படமென்று சொன்ன நண்பர்மீது கோபம்கூட வந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துபோனேன்.

2019 இல் வாப்பா மௌத்தானார். நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்த பிறகு வீட்டு அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பழைய பாடக்குறிப்புப் புத்தகங்களுக்கு இடையில் அந்தத் தட்டுக் கிடந்தது. பாடசாலை விடுமுறை. மனைவியும் பிள்ளைகளும் மாமி வீட்டுக்குப் போயிருந்தார்கள். தட்டில் கீறல்கள் இருந்தாலும் கணனியில் ஓடியது. இம்முறை கடைசிவரை பார்த்தேன். பார்த்து முடித்ததும் முற்றத்தில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிஷி ஒரு பொலிஸ் துப்பறிவாளன். கிட்டானோவே நடிக்கிறார். அவனுடைய பிள்ளை சில காலத்துக்கு முன் இறந்துவிட்டது. மனைவி மியூகிக்கு இரத்தப் புற்றுநோய். சந்தேக நபரொருவனைக் கண்காணிக்க வேண்டிய ஒருநாளில், "நீ வைத்தியசாலைக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, அவனுடைய சகா ஹொரிபே காவலில் நிற்கிறான். அந்த நேரத்தில்தான் ஹொரிபே சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்து போகிறான். பிறகு அதே கொலைகாரனை மடக்கிப் பிடிக்கையில் தனாகா என்ற இளம் பொலிஸ்காரன் உயிரிழக்கிறான். நிஷி கொலைகாரனைச் சுட்டுக் கொன்றதோடு நிற்கவில்லை, செத்துக் கிடப்பவனின் உடம்பிலும் துப்பாக்கி வெறுமையாகும்வரை சுடுகிறான். பொலிஸ் வேலை போகிறது. மனைவியின் செலவுகளுக்காக யகூசா எனப்படும் பாதாள உலகக் கும்பலிடம் அவன் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. பழைய இரும்புக் கடையொன்றில் களவுபோன டெக்சியொன்றை வாங்கி, வண்ணம் பூசிப் பொலிஸ் வண்டியாக மாற்றி, பொலிஸ் உடுப்பையும் அணிந்துகொண்டு போய் வங்கியொன்றைக் கொள்ளையடிக்கிறான். கடனை அடைக்கிறான். தனாகாவின் விதவைக்கும் ஹொரிபேக்கும் பங்கு அனுப்புகிறான். மிச்சத்தோடு மனைவியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பயணம் புறப்படுகிறான். சண்டியர்கள் பின்னால் வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் பொலிஸ் வருகிறது.

இப்படிச் சொன்னால் நமது ஊர்ப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் எந்த அடிதடிப் படத்தின் கதையும் இதுவாக இருக்கலாம். வங்கிக் கொள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு இயக்குநர் என்றால் அதை வைத்தே அரை மணித்தியாலம் ஓட்டியிருப்பார். கிட்டானோ அதன் பெரும் பகுதியை வங்கியின் கண்காணிப்புக் கமெரா பார்ப்பதைப்போல, சத்தமில்லாமல், ஏதோ அலுவலக வேலையைப்போலக் காட்டி முடித்துவிடுகிறார். யாருக்கும் அடி விழுவதில்லை.

அடி விழும் இடங்களை அவர் காட்டும் விதமும் வேறு. அடிக்கும் முன்னர் இருக்கும் அமைதியையும் அடித்த பின்னர் இருக்கும் அமைதியையும்தான் நாம் அதிகமாகப் பார்க்கிறோம். நடுவில் நடப்பது கண் சிமிட்டும் நேரம். சில இடங்களில் அதுவும் இல்லை, விளைவு மட்டும்தான். கிட்டானோ அடிப்படையில் ஒரு நகைச்சுவைக்காரர் என்பதை அறிந்தபோது இது எனக்கு ஓரளவு விளங்கியது. 1947 இல் டோக்கியோவில் பிறந்தவர். 'டூ பீட்' என்ற இருவர் குழுவில் 'பீட் தக்கேஷி' என்ற பெயரோடு மேடையில் சிரிப்புக் காட்டியவர். இன்றும் நடிக்கும்போது அந்தப் பெயரையே போட்டுக்கொள்கிறார். யப்பானில் 'மன்ஸாய்' என்று சொல்லப்படும் அந்தக் கலையில் இருவர் மாறி மாறிப் பேசிச் சிரிக்க வைப்பார்கள். எந்த நொடியில் வாய் திறப்பது, எந்த நொடியில் மூடுவது என்பதுதான் அங்கே எல்லாமே. 1989 இல் வேறொருவர் இயக்கவிருந்த பொலிஸ் படமொன்று தற்செயலாக அவரது கைக்கு வந்து இயக்குநரானார். சிரிக்க வைக்கக் கற்ற அந்தக் கணக்கையே இவர் அடிக்கும், அன்புக்கும் பயன்படுத்துகிறார் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே நாம் எதிர்பார்க்காத நொடியில் வருகின்றன.

அன்பு வரும் இடங்களைச் சொல்கிறேன். பயணத்தில் நிஷி சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு மனைவியின் கையிலுள்ள சீட்டு என்னவென்று கண்டுபிடிக்கிறான். ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. வாகனத்தின் கண்ணாடியில் அவளது சீட்டுத் தெரிவது நமக்குப் பிறகுதான் தெரியவருகிறது. இருவரும் சேர்ந்து நிற்க, தானாகப் படமெடுக்கும்படி கமெராவை வைத்துவிட்டு வந்து நின்றால், எடுக்கும் நொடியில் ஒரு வாகனம் குறுக்கே வந்துவிடுகிறது. ஒரு கோயிலில், மணியை அடிக்கக்கூடாது என்று பெரியவரொருவர் சிறுவனிடம் சொல்லிக்கொண்டிருக்க, நிஷி பேசாமல் போய் மணியை ஓங்கி அடித்துவிட்டு வருகிறான். இரவில் வாணவேடிக்கை கொளுத்துகிறார்கள். ஒன்று வெடிக்கவில்லை. என்னவென்று பார்க்கக் கிட்டப் போகிறான், முகத்துக்கு நேரே வெடிக்கிறது. மியூகி சிரிக்கிறாள். இந்த இடங்களில் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. சாவு நிச்சயமான ஒரு பெண்ணும் கைகளில் இரத்தம் பட்ட ஒரு மனிதனும் சின்னப்பிள்ளைகள் மாதிரி விளையாடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஹனா என்றால் பூ. பி என்பது நெருப்பு. சேர்த்துச் சொன்னால் யப்பானிய மொழியில் வாணவேடிக்கை. படத்தின் பெயரை எழுதும்போது கிட்டானோ நடுவில் ஒரு சிறு கோடு போட்டுப் பூவையும் நெருப்பையும் பிரித்து வைக்கிறார். இதை விளக்க வந்த பலரும், பூ என்பது பயணம், நெருப்பு என்பது துப்பாக்கி என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிக்க முடிந்திருந்தால் படம் இவ்வளவு தொந்தரவு செய்திருக்காது.

நான் சொல்வது விளங்க வேண்டுமானால் நீர்க்கரையில் வரும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். மியூகி வாடிப்போன பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த வழியால் வந்த ஒருவன், செத்த பூவுக்குத் தண்ணீர் ஊற்றி என்ன பயன், உனக்குப் பைத்தியமா என்ற மாதிரிச் சொல்லிச் சிரிக்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வாய்த்துடுக்கு. எங்கிருந்தோ வரும் நிஷி அவனை அடிக்கிறான். ஓர் அடியோடு விடவில்லை, தண்ணீருக்குள் தள்ளியும் அடிக்கிறான். அவள் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். 2006 இல் நிறுத்தியது போலல்ல, இது வேறு.

என் வாப்பா மரக்காலையில் வேலை செய்தவர். ஊரில் அவருக்குப் பெயரே 'கைநீளக்காரர்' என்றுதான். களவைச் சொல்லவில்லை, அடியைச் சொல்கிறார்கள். எங்களையும் அடித்திருக்கிறார். 2002 இல் நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது உம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மாதத்துக்கு இரண்டு தடவை வாப்பா அவவை மஹரகமைக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவார். வீட்டுக் காணியின் பாதியை விற்றார். மரக்காலையிலிருந்து வந்து, மரத்தூள் ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, உம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதை நான் விடுமுறையில் வரும்போது கண்டிருக்கிறேன். பேச்சு எதுவும் கிடையாது. "சாப்பிடு" என்றுகூடச் சொல்லமாட்டார். கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருப்பார், அவ வாய் திறக்கும்வரைக்கும். அது எவ்வளவு நேரமானாலும் சரி.

ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து பஸ்ஸால் இறங்கியதுமே செய்தி கிடைத்தது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் வாப்பாவிடம், "இனி என்னத்துக்குக் காக்கா காசக் கொண்டு கொட்டுறீங்க? புள்ளைகளுக்காவது மிச்சம் வைங்களன்" என்று சொல்லியிருக்கிறார். வாப்பா பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டு, எழும்பி ஓங்கி அறைந்திருக்கிறார். ஒரு பல் போய்விட்டது. அந்த மனிதர் நல்லதுக்குத்தான் சொன்னார் என்று ஊரே சொன்னது. எனக்கும் அப்படித்தான் பட்டது. கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துக்கொண்டிருந்தவன் நான். வாப்பாவிடம் போய், "நீங்க மனிசனா மிருகமா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உம்மாதான் படுக்கையிலிருந்து, "வாப்பாட்ட ஒண்டும் கேக்காதீங்க மகன்" என்றா. அன்று பின்னேரம் நானே அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் வாப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். இதை அறிந்த வாப்பா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அடுத்த நோன்புக்கு உம்மா இல்லை.

செத்த பூவுக்கு ஏன் தண்ணீர் என்றவனும், போகிற உயிருக்கு ஏன் காசு என்றவரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். நிஷியின் கை எழும்பியபோது அது எனக்கு ஒரு படத்தில் வரும் கையாகத் தெரியவில்லை. சோறு பிசைந்த கையும் அறைந்த கையும் வேறு வேறு என்றுதான் அதுவரை நான் வைத்திருந்தேன். சோறு பிசைந்த கையை வாப்பா என்றும், மற்றதை அவரது கெட்ட குணம் என்றும். கிட்டானோ அந்தச் சலுகையை எனக்குத் தரவில்லை.

இவ்வளவு காலத்துக்குப் பின்னர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாப்பாவை நியாயப்படுத்தப் பார்க்கிறேன் என்று யாராவது நினைக்கலாம். நானும் அன்றிரவு அப்படித்தான் பயந்தேன். ஆனால் படம் நிஷியை நியாயப்படுத்துவதில்லை. மனைவியைப் பார்க்கப் போனதால் நண்பன் முடமானான். அவனது வேகத்துக்கும் பிழைக்கும் நடுவில் இளைஞனொருவன் செத்தான். பயணம் முழுக்க அவன் பின்னால் பிணங்கள். பணத்தால் கடனை அடைத்ததைப்போல எதையும் அடைக்க முடியவில்லை என்பது அவனுக்கே தெரியும்.

ஹொரிபேயின் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. உண்மையில் படத்தின் பாதி அவன்தான். ரென் ஒசுகி என்ற அருமையான நடிகர். 2018 இல் காலமாகிவிட்டார். முடமான பிறகு மனைவியும் மகளும் விட்டுப் போய்விடுகிறார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருக்கிறான். சாக முயன்று தப்புகிறான். நிஷி அவனுக்கு ஓவியப் பொருட்களும் ஓவியர்கள் போடும் தொப்பியொன்றும் அனுப்பிவைக்கிறான். ஒருநாள் பூக்கடையொன்றின் முன்னால் நாற்காலியை நிறுத்திப் பூக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு பூவும் ஒரு மிருகத்தின் தலையாக அவனுக்குத் தெரிகிறது. அவற்றை வரையத் தொடங்குகிறான். கடைசியில் பனி மூடிய இரவொன்றை வரைகிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் பனியும் வெளிச்சமும் 'பனி', 'ஒளி' என்ற யப்பானிய எழுத்துக்களால் ஆனவை. அதன் நடுவில் சிவப்பில் பெரிதாக எழுதியிருப்பது தன்னுயிரைத் தானே முடித்துக்கொள்வதைக் குறிக்கும் சொல். ஹொரிபே தொடர்ந்து வரைந்துகொண்டிருக்கிறான். வாழ்கிறான். சாக வேண்டிய காரணமெல்லாம் உள்ளவன் இருக்கிறான். எல்லாருக்கும் கொடுத்தவன் போகிறான்.

படத்தில் வரும் ஓவியங்கள் அனைத்தும் கிட்டானோ வரைந்தவை. 1994 ஓகஸ்டில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் சாவின் விளிம்புவரை போய் வந்தவர் அவர். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துபோனது. தேறிவந்த காலத்தில்தான் தூரிகை பிடித்தார். படத்தில் அவருடைய முகம் அசையாமலிருந்து, இடைக்கிடை கன்னத்தில் மட்டும் ஒரு துடிப்பு ஓடுவது நடிப்பு மட்டுமல்ல. தன் காயத்தின் பாதியை நிஷியின் முகத்திலும் மறுபாதியை ஹொரிபேயின் கையிலும் கொடுத்திருக்கிறார். 1997 இல் வெனிஸ் விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது. குரோசாவாவின் 'ரஷோமொன்' 1951 இலும், இனாகாகியின் படமொன்று 1958 இலும் பெற்ற பிறகு, 39 வருடங்கள் கழித்து அந்த விருது ஒரு யப்பானியப் படத்துக்கு வந்தது. அதற்கு அடுத்து, 1999 இல் அவர் எடுத்த படத்தின் பெயர் 'கிகுஜிரோ'. அது அவருடைய தகப்பனின் பெயர். வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி அவர். அந்தப் பெயரை வாய் கெட்ட, சூதாடும், சிறுவனொருவனைத் தாயிடம் கூட்டிப்போகும் ஒரு மனிதனுக்குக் கிட்டானோ வைத்தார். தகப்பன் பெயரை நல்லவனுக்கு வைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

படத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் உண்டு. ஜோ ஹிசாயிஷியின் இசை அழகானதுதான். ஆனால் சில இடங்களில் நாம் எங்கே கலங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மௌனத்தை நம்பிய இயக்குநருக்கு இசையை மட்டும் ஏன் அடக்க முடியவில்லையோ. சண்டியர்கள் சாகும் விதமும் மிக இலேசு. இதையெல்லாம் விடப் பெரியது மியூகி. நோயாளி அவள், சாகப்போவது அவள், ஆனால் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வைத்தியர் நிஷியிடம் பேசுகிறார், நிஷி முடிவெடுக்கிறான். அவள் குழந்தைபோல மரத்துண்டுகளைச் சேர்த்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். என் உம்மாவிடமும் காணியை விற்பதா, மஹரகமைக்கு இன்னொரு தடவை போவதா என்று யாரும் கேட்கவில்லை. வாப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்புக்கு இப்படியும் ஒரு செவிடு உண்டு. கடைசிக் கடற்கரையில் மியூகி வாய் திறந்து நன்றி சொல்கிறாள், மன்னிப்பும் கேட்கிறாள். படம் முழுக்க அவள் பேசுவது ஏறக்குறைய அவ்வளவுதான். யாருக்காக மன்னிப்பு? தன் நோய்க்காகவா?

முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பொலிஸார் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் தரும்படி நிஷி கேட்கிறான். துப்பாக்கியில் இரண்டு ரவைகள். கமெரா அவர்களை விட்டுக் கடலின் பக்கம் திரும்புகிறது. இரண்டு வெடிச் சத்தங்கள் கேட்கின்றன. நண்பரிடம் பேசியபோது, "அது மட்டும் எனக்கு ஏலாது சேர்" என்றார். எனக்கும் ஏலாதுதான். உயிர் நம்முடையதல்ல என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். வாப்பா உம்மாவின் கடைசி மூச்சுவரை கையை நீட்டிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தெரிந்த அன்பு. நிஷியின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் கிட்டானோவும் அதைப் பார்த்துக் கைதட்டச் சொல்லவில்லை என்பதற்கு அந்தச் சிறுமி சாட்சி.

அதே கடற்கரையில் ஒரு சிறுமி பட்டம் விட்டுக்கொண்டிருக்கிறாள். நடித்தவர் கிட்டானோவின் சொந்த மகள். பட்டத்தைப் பிடித்துத் தரும்படி நிஷியிடம் கேட்கிறாள். அவன் பிடிக்கிறான். அவள் நூலோடு ஓடுகிறாள். அவன் விடுவதில்லை. பட்டத்தின் ஒரு பக்கம் கிழிந்து அவன் கையோடு வந்துவிடுகிறது. பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. வேண்டுமென்றா, விளையாட்டுக்கா என்பதும் தெரியவில்லை. அவள் கிழிந்த பட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறாள். வெடிச் சத்தங்கள் கேட்டதும் நின்று திரும்பிப் பார்க்கிறாள். படத்தில் நாம் கடைசியாகக் காண்பது அந்தப் பார்வையைத்தான். செத்தவர்களின் முகம் காட்டப்படவில்லை.

தேத்தண்ணிக் கடையில் வாப்பா அறைந்தபோது அந்த மனிதரின் மகன் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஐந்து வயது. கையில் ஒரு பணிஸ். இது அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோதும் அவன் வீட்டுக்குள் எங்கேயோதான் இருந்திருக்க வேண்டும், நான் தகப்பனிடம் மட்டும்தான் பேசினேன். 2004 இல் எனக்கு ஊர்ப் பாடசாலையிலேயே நியமனம் கிடைத்தது. முதல் தவணையில் மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதுவதற்கு நான் கையை உயர்த்தினால் முன்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் தலையைக் குனிந்து கொள்வான். யாருடைய பிள்ளை என்று இடாப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாப்பாவின் முகம் எனக்கு அப்படியே உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள்.

அன்றிரவு முற்றத்தில் இருந்துகொண்டு அவனைத்தான் நினைத்தேன். இப்போது அவனுக்கும் ஒரு மகன். எங்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பில் இருக்கிறான். காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "சேர்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவான். வாப்பாவின் ஜனாஸாவுக்கும் வந்திருந்தான். சந்தூக்கைத் தூக்க ஒரு பக்கம் ஆள் குறைந்தபோது, அவன்தான் வந்து தோள் கொடுத்தான்.